மதிலோரத்துப் புத்திமதிகள்

மாலை ஆறு மணியளவில் வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றிற் சற்று நின்று பாருங்கள். தனியார் கல்வி நிலையத்தின் வாசலிலே தாய்மாரும் தந்தைமாரும் மதிலோரமாகக் கூடி நிற்பர். உள்ளே பௌதிகவியல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். வெளியே நடப்பதும் ஒரு வகுப்பே. எந்த ஆசிரியர் நன்றாக விளங்கப்படுத்துவார், எந்தப் பாடத்தைக் கைவிட்டு எதனை எடுக்கலாம், பையன் கைத்தொலைபேசியை இரவிலே யாரிடம் ஒப்படைக்கவேண்டும், பெண்பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்பனவெல்லாம் அங்கே ஆராயப்படும். கொட்டாஞ்சேனையில் கோயில் வீதியிலும் மாதா கோயில் முற்றத்திலும் இதே பேச்சைக் கேட்கலாம்.

அரசர்கள் செய்த போர்களுக்கு வரலாறு உண்டு. ஆளுநர்கள் இயற்றிய சட்டங்களுக்கும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட புத்திமதிகளுக்கு வரலாறு எழுதியவர் அரியர். ஆயினும், நேயர்களே, கொழும்புத் தமிழரின் நூறாண்டு வாழ்க்கையை அறிய விரும்புவோர்க்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது என்றே நான் எண்ணுகின்றேன். நாட்டிலே ஒரு சட்டம் மாறிய ஒவ்வொரு வேளையிலும் மதிலோரத்துப் பேச்சும் மாறியிருக்கின்றது.

கொழும்பிலே மருத்துவப் பாடசாலை 1870 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே புகையிரதப் பாதை 1905 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. 1921 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தேஸ்ரன் வீதியிலே தொடங்கிற்று. ஆயினும் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லாமையால், மாணவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளையே எழுதினர். இம்மூன்றுஞ் சேர்ந்தே வடக்கிலிருந்து இளைஞரைக் கொழும்புக்குக் கொண்டுவந்தன. படிக்க வந்தவர் சிலர். கந்தோர்களில் லிகிதர் வேலைக்கு வந்தவர் பலர். அவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு வீடெடுத்து, ஒரு சமையற்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அத்தகைய வீட்டைச் 'சம்மறி' என்பர். குடும்பத்தோடு குடியேறிய உத்தியோகத்தர் தம் வீட்டிலே ஓர் அறையை ஊர்ப் பிள்ளைகளுக்கு விட்டு உணவுங் கொடுத்தனர். 'மகன் வெள்ளவத்தையிலே போடிங்கில் நிற்கிறான்' என்று ஊரிலே சொல்வது ஒரு பெருமை.

அக்காலத்துப் புத்திமதி வயிற்றையும் மடியையும் பற்றியது. இரவு வண்டியிற் பயணஞ் செய்வோர் கையிலே தாய்மார் பொரிவிளாங்காயும் எள்ளுருண்டையும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புவர். மணியோடர் பணத்தில் எத்தனை ரூபாய் வீட்டுக்காரிக்கு, எத்தனை ரூபாய் புத்தகத்துக்கு என்பதைத் தந்தையார் கடிதத்திலே குறிப்பார். பிள்ளை என்ன சாப்பிடுகின்றான், எவரோடு திரிகின்றான், சனிக்கிழமைகளில் எங்கே போகின்றான் என்று வேவு பார்த்து எழுதும் பொறுப்பு வீட்டுக்கார அம்மாவுடையது. பெற்றோருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே அகப்பட்ட இளைஞனின் நிலையை அநுபவித்தவரே அறிவர்!

கல்விக்குக் கட்டணம் இருந்த காலம் அது. இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் உள்ள வீட்டிலே மூத்தவனை மட்டும் மேலே படிக்கவைத்து, அவன் உழைப்பிலே மற்றவர்களைப் பார்ப்பது வழக்கமான கணக்கு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்திலே, 1945 அக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னரே, 1942 இல், இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜெனிங்ஸ் என்பவரைத் துணைவேந்தராகக் கொண்டு உருவாகியிருந்தது. கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதே 1942 இலே தோன்றியது. அதன் வெள்ளவத்தை நூலகத்திலே பாடப் புத்தகத்தோடு அமர்ந்து படித்த மாணவர் எத்தனையோ பேர்.

'படிக்கவைக்க முடியுமா?' என்ற கேள்வி இவ்வாறு மறைந்தது. 'என்ன படிக்கவைப்பது?' என்ற கேள்வி பிறந்தது. நம்மவரின் தொல்லைகளுட் பாதி அந்த இரண்டாவது கேள்வியோடு பிறந்தது என்பது என் கருத்து.

பேராதனைக்குப் பல்கலைக்கழகம் 1952 இல் இடம்பெயர்ந்தபோது பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கலங்கினர். வீட்டிலிருந்து பஸ்ஸிற் போய்வந்த பெண் இனி மலைநாட்டிலே விடுதியில் தங்கவேண்டும். பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் இயக்கம் நடத்தியவருள் முதன்மையானவர் கொழும்பிலே பிறந்த பொன்னம்பலம் அருணாசலம்; பேராதனை விடுதிகளுள் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அப்பெயரைச் சொல்லியே தயங்கிய பெற்றோரைத் தேற்றியவர்களும் உண்டு. பெண்ணைத் தனியே விடலாமா என்று கேட்டவருக்கு, முன்னமே மகளை அனுப்பிய தாய் சொல்லும் விடை எளிது: "நாங்களும் முதலிற் பயந்தோம், தங்கச்சி. வார்டன் அம்மாவை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாரும். பிறகு உமக்கே பயம் போய்விடும்."

1956 ஆம் ஆண்டிலே இரண்டு நிகழ்ந்தன. யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கி, யாழ்ப்பாணத்தைக் கொழும்புக்குக் கிட்டக் கொண்டுவந்தது. சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்ற சட்டம், கந்தோர் உத்தியோகத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோயிற்று. லிகிதராயிருந்த தந்தை சிங்களப் பரீட்சை எழுதவேண்டியவரானார். தம் மகனுக்கு அந்த நாற்காலி இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். 1958 கலவரத்திலே கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறி வடக்கே போய்ச்சேர்ந்தனர். நிலைமை தணிந்தபின் திரும்பி வந்தோர், அதே வீடுகளிலிருந்து அதே பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினர்.

'விஞ்ஞானம் படிப்பியுங்கோ' என்பது அன்று எழுந்த புத்திமதி. எண்ணுக்கும் எலும்புக்கும் மொழி இல்லை என்பது அதன் நியாயம். 1960 இல் பல்கலைக்கழகத்திலே கலைப் பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயின. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன. வைத்தியரும் பொறியியலாளரும் எந்த நாட்டிலும் பிழைப்பர் என்ற எண்ணம் வெள்ளவத்தையிலே வேரூன்றியது. இன்று அதனைப் பரிகசிப்பது எளிது. பிறந்த காரணத்தை எண்ணினால் பரிகாசம் வராது.

கொட்டாஞ்சேனைப் பக்கம் இப்போது திரும்புவோம். துறைமுகத்தின் அருகே, செட்டியார் தெருவின் கடைகளையும் கொச்சிக்கடைச் சந்தடியையும் அண்டி வளர்ந்த ஊர் அது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலே புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில் அங்கே உண்டு. புனித லூசியாள் பேராலயம் உண்டு; 1865 இல் தோன்றிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி உண்டு. விவேகானந்த சபை தன் பாடசாலையோடு அங்கேதான் இருக்கின்றது. கடை முதலாளியும் கணக்கப்பிள்ளையும் துறைமுகத் தொழிலாளியும் அடுத்தடுத்து வாழ்ந்த தெருக்கள் அவை. அவர்களுட் பலர் இந்திய வம்சாவளியினர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

ஆகவே கொட்டாஞ்சேனையிலே பிள்ளை வளர்ப்புப் பற்றிய முதற் புத்திமதி புத்தகத்தைப் பற்றியதன்று, பத்திரத்தைப் பற்றியது. 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பத்திரமாய் வையுங்கள். தகப்பனாருடையதையும் தேடி எடுங்கள்' என்பதுதான் அது. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும், பிரஜையென்று காட்டக் கடதாசி இல்லையேல் அரசாங்க வேலையில்லை. அப்படியானால் ஏன் படிக்கவேண்டும் என்று பையன் கேட்டால் கடைக்காரத் தந்தை என்ன சொல்வார்? பதினாறு வயதிலே அவனைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் இருத்தினார். அறியாமையால் மகனைப் படிப்பிக்கவில்லை என்று அத்தந்தையரைப் பழித்தவர் பலர், அது நியாயமன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை குடும்பங்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர் எல்லார்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! மூன்று தலைமுறைப் பிள்ளைகள்.

நிற்க. விஞ்ஞானம் படித்தாற் போதும் என்ற வெள்ளவத்தையின் நம்பிக்கை 1971 இலே உடைந்தது. அவ்வாண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு 400 புள்ளிகளிலே சிங்கள மொழியிற் பரீட்சை எழுதியோர்க்கு 227 போதியதாயிருக்க, தமிழில் எழுதியோர்க்கு 250 தேவைப்பட்டது. மருத்துவத்துக்கு 229 உம் 250 உம். இது 'தரப்படுத்தல்' எனப் பெயர்பெற்றது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் 1977 க்குப் பின் கைவிடப்பட்டது. மாவட்ட முறை நிலைத்துவிட்டது.

மாவட்ட முறையை முழுவதும் அநீதி என்று சொல்ல நான் துணியேன். ஆய்வுகூடமே இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு கதவு வேண்டும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் அக்கதவாற் புகுந்த தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. ஆனால் மொழியை வைத்து வெட்டுப்புள்ளி வகுத்த செயல் வேறு. இரவு பகலாகப் படித்த பையன் 240 புள்ளி பெற்றும் வீட்டிலிருந்தான். அவனுக்குச் சொல்ல எந்தப் பெற்றோரிடமும் புத்திமதி இருக்கவில்லை. இலண்டனுக்குப் போகக்கூடியவர்கள் போயினர். மற்றையோருட் பலர் கணக்கியற் பரீட்சைகளை நாடினர். வேலை செய்துகொண்டே மாலையிற் படிக்கலாம், எவருடைய ஒதுக்கீடும் அங்கே இல்லை என்பது அதன் கவர்ச்சி. வேறு வழி தேடிப் போனவர்களின் கதையை இந்நாடு நன்கறியும்.

1983 யூலையிலே பம்பலப்பிட்டி, இரத்மலானை இந்துக் கல்லூரிகள் அகதி முகாம்களாயின. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் மதிலோரத்துப் பேச்சிலே படிப்பு இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. 'அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார். பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியொன்றும் வைத்திரு. பஸ்ஸிலே சத்தமாய்ப் பேசாதே. ஆறு மணிக்கு முன் வீட்டுக்கு வா.' அந்த ஆண்டுகளிற் கொழும்பிலே பிள்ளை வளர்த்த எந்தத் தாயையும் கேளுங்கள். இவ்வரிகளை மனப்பாடமாய்ச் சொல்வார். வகுப்பு முடிந்து பிள்ளை வர அரைமணி பிந்தினால், எந்தச் சோதனைச் சாவடியில் முதலிற் போய்க் கேட்பது என்பதும் பெற்றோர் பரிமாறிக்கொண்ட அறிவுரைகளுள் ஒன்று. வடக்கிலிருந்து பரீட்சைக்கும் வெளிநாட்டு விசாவுக்குமாக வந்து விடுதிகளிலே தங்கிய இளைஞர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2007 யூன் 7 ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 300 க்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

போர் 2009 இல் முடிந்தது. 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 இல் மீண்டும் ஓடிற்று. மதிலோரத்திலே பழைய கேள்விகள் புதிய எண்களோடு திரும்பி வந்தன. 2001 முதல் 'இசட் புள்ளி' முறை நடைமுறையிலுள்ளது. பெரும்பாலான பீடங்களின் இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. பிள்ளை கடைசி மூன்று ஆண்டு எந்த மாவட்டத்திற் படித்தது என்பதைப் பார்த்தே அதன் மாவட்டம் தீர்மானிக்கப்படுகின்றது. அதனாலே, கொழும்பின் வெட்டுப்புள்ளி உயர்ந்தது என்று அஞ்சி, பத்தாம் வகுப்பிலே பிள்ளையைப் பேரனாருடைய ஊருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர் உண்டு. இதனை எளிதிற் செய்யவேண்டாம் என்பதே நான் கேட்டறிந்த அநுபவசாலிகள் கூற்று. பதினைந்து வயதிலே நண்பரையும் ஆசிரியரையும் ஒருங்கே இழக்கும் பிள்ளை, ஒதுக்கீட்டால் வரும் நன்மையைத் துயரத்திலே தொலைத்துவிடக்கூடும்.

உயர்தரப் பரீட்சையை மூன்று முறை எழுதலாம் என்ற விதியும் அவ்வாறே இரு முனையுள்ளது. முதன்முறை நோயாற் பின்தங்கிய பிள்ளைக்கு அது ஓர் அருட்கொடை. உயிரியலிலே நாட்டமில்லாத பிள்ளையை வைத்தியராக்கியே தீருவேன் என்ற தந்தைக்கு, மகனின் இளமையில் மூன்று ஆண்டுகளைச் செலவிட அது கொடுக்கும் அநுமதி. என் உறவினர் ஒருவர் அவ்வாறு செய்தார். மூன்றாம் பெறுபேறு வந்த அன்று மகன் தகப்பனாரைப் பார்த்து, "இனி நான் விரும்பினதைச் செய்யலாமா, அப்பா?" என்று கேட்டானாம். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அமைதியாய்க் கேட்டானே என்று இவர் இன்றும் சொல்லிக் கலங்குவார். வைத்தியம் என்ற ஆசை 1956 இன் அச்சத்திலே பிறந்தது என்பது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? தகப்பனாருக்கே தெரியாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அச்சிடக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்துப் பாடசாலைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மெழுகுதிரி வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்தனர். அதன்பின் மதிலோரத்துப் பேச்சிலே வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணங்கள் பெரிதும் அடிபடுகின்றன. வீட்டை அடகுவைத்து அனுப்பலாமா? இங்கேயே தனியார் நிறுவனத்திற் பட்டம் பெற்றால் வேலை கிடைக்குமா? அனுப்பினவர்கள் அனுப்பு என்கின்றனர். பிள்ளையின் அறையை வெறுமையாய்ப் பார்க்கின்றவர்கள் பொறு என்கின்றனர்.

ஏழரை மணிக்கு வகுப்பு விடும். படியிலே காலடி கேட்டதும், அதுவரை பேசியவர்கள் யாவரும் பேச்சை நிறுத்திவிட்டு, முச்சக்கர வண்டியைக் கூப்பிடுவார்கள்.