உடல் விறைத்துப்போகும் நோய்: காரணமும் சிகிச்சையும்

பின்னால் ஒரு ஹாரன் சத்தம். திடுக்கிட்ட மறுகணமே உடல் விறைத்து, வெட்டிய மரம்போல் சாய்கிறார். கையை ஊன்றித் தடுத்துக்கொள்ளவும் முடிவதில்லை. ஆனால் நினைவு தப்புவதில்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோது, "வீண் பயம், மனசுதான் காரணம்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது 'ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்' என்ற நரம்பு நோயாகவும் இருக்கலாம்.

1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மோர்ஷும் வோல்ட்மனும் 14 நோயாளிகளைக் கண்டு இதைப் பதிவு செய்தனர். பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வரும் இந்நோய் பெண்களிடம் அதிகம். பாடகி செலின் டியான் தமக்கு இந்நோய் இருப்பதை 2022 டிசம்பரில் அறிவித்தார்.

தசைகளைத் தளர்த்தும் கட்டளைக்கு நம் நரம்பு மண்டலம் 'காபா' என்ற வேதிப்பொருளை நம்பியிருக்கிறது. அதை உருவாக்கும் 'ஜிஏடி' என்ற நொதிக்கு எதிராகப் பெரும்பாலான நோயாளிகளின் உடலே எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கிறது. தளர்த்தும் கட்டளை குறைவதால் முதுகு, வயிறு, கால் தசைகள் இறுகுகின்றன. சத்தம், தொடுதல், மனப் பதற்றம் ஆகியவை வலிமிகுந்த தசைப்பிடிப்பைக் கிளப்பிவிடுகின்றன.

ஜிஏடி எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும், தசைகளின் மின் இயக்கத்தை அளக்கும் இ.எம்.ஜி. பரிசோதனையும் நோயைக் கண்டறிய உதவும். சிலருக்கு முதல் வகை நீரிழிவும் தைராய்டு கோளாறும் உடன் இருக்கும். அரிதாகப் புற்றுநோயும் பின்னணியில் இருக்கலாம் என்பதால் மருத்துவர்கள் அதையும் சோதிப்பார்கள்.

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. கட்டுப்படுத்தும் மருந்துகள் உண்டு. டயசிபாம், பேக்லோஃபென் ஆகியவை விறைப்பைத் தளர்த்தும். இவை போதாதபோது சிரை வழியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றப்படுகிறது. 2001-இல் வெளியான, 16 பேரிடம் நடந்த ஆய்வில் அதன் பலன் உறுதியானது. இயன்முறை சிகிச்சையும் துணை நிற்கும்.

டயசிபாம், பேக்லோஃபென் மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரை போகலாம். "தூக்க மாத்திரைதானே, பழக்கமாகிவிடும்" என்று வீட்டார் நிறுத்திவிடக் கூடாது. அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

பின்னாலிருந்து தட்டாமல், முன்னால் வந்து மெதுவாகப் பேசுவோம். வழுக்கும் தரையைச் சரிசெய்வோம். காரணம் தெரியாத விறைப்பு நீடித்தால் நரம்பியல் நிபுணரிடம் அழைத்துச் செல்வோம். நோயாளி சொல்வதை நாம் நம்புவதே சிகிச்சையின் முதல் படி.