இராயபுரம் புனித இராயப்பர் ஆலயமும் முதல் இரயிலும்



இராயபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரயில் நிலையமும் மீன்பிடித் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். ஊரின் பெயருக்குள் ஒரு திருத்தூதர் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்று நாம் பேதுரு என்று அழைப்பவரை நம் பாட்டன் பாட்டிமார் இராயப்பர் என்றே அழைத்தார்கள். பவுல் அவர்களுக்குச் சின்னப்பர், யோவான், அருளப்பர், அந்திரேயா, பெலவேந்திரர். விவிலியமும் வழிபாடும் புதிய தமிழுக்கு மாறியபோது இப்பெயர்கள் மெல்ல விடைபெற்றன. எனக்கு இதில் சற்று வருத்தம்தான். ஆனால் இராயபுரம் இராயபுரமாகவே நிலைத்துவிட்டது.

இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829-இல் கட்டப்பட்டது. கட்டியவர்கள் அரசர்களோ ஆங்கிலேய வணிகர்களோ அல்லர். குருகுல வம்சத்தார் எனப்படும் படகுக்காரர்கள். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். ஆளுநர் முதல் அஞ்சல் மூட்டை வரை அனைத்தும் மசூலா படகில்தான் கரை சேர வேண்டும். மசூலா படகில் ஆணி இராது. மரப்பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் நம் கரையின் அலையடியில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். சீமோனின் படகில் அமர்ந்து ஆண்டவர் போதித்ததை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம் அல்லவா? படகுக்காரர்கள் தங்கள் கோயிலை அந்தச் சீமோன் பேதுருவுக்கே அர்ப்பணித்ததில் வியப்பில்லை.

ஆலயம் எழுந்து 27 ஆண்டுகளில் இரயில் வந்தது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள்! இரயில்வேக்காரர்கள் திருவழிபாட்டு நாள்காட்டியைப் பார்த்து நாள் குறித்திருக்கமாட்டார்கள்; ஆனாலும் பாதுகாவலரின் திருவிழாவுக்கு முந்தைய நாள் அது. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கி.மீ. தொலைவுக்கு, பயணிகள் இரயில் ஓடியது. தென்னிந்தியாவில் அதுவே முதல் பயணிகள் இரயில். 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தபின் இராயபுரத்தின் முக்கியத்துவம் குறைந்தது. கட்டடம் மட்டும் தூண்களோடு நிற்கிறது, 2005-இல் புதுப்பித்தார்கள்.

படகுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. 1876-இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதை உடைத்தும், மீண்டும் கட்டினார்கள். கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத் தொடங்கியதும் மசூலா படகுக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. எந்தப் பிழைப்பின் வருமானத்தில் ஆலயம் எழுந்ததோ, அந்தப் பிழைப்பு போய்விட்டது, ஆலயம் இருக்கிறது.

காட்டுப்பள்ளிப் பக்கம் வாழும் நமக்கு இது பழங்கதை அன்று. இங்கே 2013-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதை விரிவாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காடு வரையுள்ள மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் பலர் நம்மோடு திருப்பலியில் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள். துறைமுகத்தில் வேலைக்குப் போகும் இளைஞர்களும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். வலையும் அடையாள அட்டையும் ஒரே வீட்டு ஆணியில் தொங்குவதை வீடு சந்திக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை இராயபுரம் ஆலயத்துக்குத் திருவிழாவுக்குச் செல்பவர்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழைய இரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதிகத் தொலைவில்லை.