பீரோ பூட்டும் கியூஆர் கோடும்



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளே தொடக்கப் பள்ளி டீச்சர். "சின்ன வகுப்புக்கு இணையத்தில் எதைப் பார்த்தால் உபயோகம் டீச்சர்? கொட்டிக் கிடக்கிறது, எதை எடுப்பதென்றே தெரியவில்லை" என்றாள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். பழைய கதையிலிருந்து தொடங்கினால்தான் என் பதில் புரியும்.

1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு வகுப்பறை, இரண்டு ஆசிரியர், கூடவே கற்பித்தல் கருவிகள். உலக உருண்டை, வரைபடங்கள், அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, கதைப் புத்தகங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் பள்ளிக்கும் பெட்டி வந்தது. பிரித்தோம், இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம், பீரோவில் வைத்துப் பூட்டினோம். உடைந்துபோனால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் உலக உருண்டை மேஜைக்கு வரும். யாரையும் குறை சொல்லவில்லை. அந்தச் சாவி பல வருடம் என் இடுப்பில்தான் இருந்தது. உருண்டையைத் தொட்டுச் சுற்றிப் பார்க்காமலேயே ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பூட்டைத் திறந்தது செயல்வழிக் கற்றல். ஆந்திராவில் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் நடந்த அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். 2007-08-இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பாடப்புத்தகம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. பிள்ளை சுவரில் இருக்கும் ஏணிப்படியைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, அலமாரித் தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து வரும். அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள்.

குறை இல்லாமல் இல்லை. அட்டை தொலையும், கிழியும். நாலு வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் யார் எந்தப் படி என்று பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். நாங்கள் முணுமுணுக்காத நாளில்லை. ஆனால் ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகூட அட்டை எடுக்க எழுந்து போனது. யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து இணையம். 2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசின் தீக்ஷா தளம் வந்தது. 2018-19-இல் நம் மாநிலத்தின் புதிய பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. எல்லாமே நல்ல ஏற்பாடு. இனிப் பீரோவும் இல்லை, சாவியும் இல்லை என்று நானும் நினைத்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த நாட்களில் எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். கியூஆர் கோடு மேல் விரலை வைத்து, "டீச்சர், இந்தக் கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். வீட்டில் ஒரே போன். காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்பும். எனக்கு என் பழைய சாவி ஞாபகம் வந்தது. என் போனில் அந்தப் பாடத்தைத் திறந்து காட்டினேன். மறுநாள் இன்னும் மூன்று பேரோடு வந்தாள்.

இப்போது, கேட்டவளுக்குப் பதில். எந்தத் தளமானாலும் ஒரே கேள்வி கேட்டுப் பார். திரையை அணைத்த பிறகு பிள்ளை கையில் ஏதாவது மிஞ்சுமா?

அரவிந்த் குப்தாவின் பொம்மைத் தளத்தைப் பார். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணமும் சதுரமும் செய்யக் காட்டுவார். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் அசையாது. அதைக் கையால் அழுத்திப் பார்த்த பிள்ளை மறக்காது. வீடியோவை நீ வீட்டில் பார்த்தால் போதும், வகுப்புக்குத் தீக்குச்சியை மட்டும் கொண்டு போ. மருந்தை மட்டும் முதலில் கிள்ளி எடுத்துவிடு.

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். தரவிறக்கி அச்சடிக்கலாம். நீயே உன் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதவும் அனுமதி உண்டு. அச்சடித்த கதையைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், கிழிந்தால் கிழியட்டும். பாட்டும் கதையும் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி இருக்கிறது. தீக்ஷா பாடங்களை முதல் நாளே தரவிறக்கி வைத்துக்கொள். வகுப்பில் சிக்னல் தேடி நின்றால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. உன் பள்ளி பீரோவைத் திறந்து பார். பழைய உலக உருண்டை ஏதாவது இருந்தால் வெளியே எடுத்து வை. உடைந்தால் என் பெயரைச் சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்