இரும்புக்கையும் எந்திரனும்

'இரும்புக்கை மாயாவி' திரைப்படமாகப் போகிறது என்ற பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அப்பெயரில் ஒரு படம் எடுப்பது தமது நெடுநாள் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சொன்னதிலிருந்து, நம் புதுச்சேரியிலும் காமிக்ஸ் வாசகர் இருவர் சந்தித்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. யார் நடிப்பார், அந்தரத்தில் மிதக்கும் கையை எப்படிக் காட்டுவார்கள் என்று ஊகங்கள் நீள்கின்றன. நமக்குள்ள ஐயமோ வேறு. திரைக்கு வரப்போகிறவன் நாயகனா, வில்லனா?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அதே 1962 அக்டோபரில், இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் பிறந்தது. அதில்தான் லூயிஸ் கிராண்டெல் அறிமுகமானான். எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வகப் பணியாளனான கிராண்டெல் விபத்தில் கையை இழந்து உருக்குக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும். கை மட்டும் தெரியும். இவ்வாற்றல் கிடைத்ததும் அவன் முதலில் இறங்கியது குற்றத்தில்தான். திருந்தியதும், 'நிழற்படை' என்ற உளவு அமைப்பில் சேர்ந்ததும் பின்னர் நடந்தவை.

கையிழந்து மாற்றுக்கை பெற்றவன் கதை நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் பொற்கைப் பாண்டியனின் வரலாற்றைக் கண்ணகியிடம் எடுத்துரைக்கிறது. கீரந்தையின் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவன் அவன். பாண்டியனுக்குப் பொற்கை நீதியின் அடையாளம். கிராண்டெலுக்கு இரும்புக்கை நீதியை மறக்கச் செய்த கருவி. இந்த முரணே நம் வாசகனை அவன்பால் ஈர்த்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

1972இல் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கிலத் தலைப்பில் உள்ளது உருக்கு நகம் மட்டுமே. 'மாயாவி' என்ற சொல்லோ நம் மந்திர தந்திரக் கதைகளின் சொத்து. அறிவியல் விபத்தில் பிறந்த ஒருவனை அந்தச் சொல்லே நம்மூர்க்காரனாக்கியது. 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் வழியே குற்றவுலகின் சக்கரவர்த்தியாக விரும்பிய ஸ்பைடரும், 'சட்டித்தலையன்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட எந்திர மனிதன் ஆர்ச்சியும் வந்தனர். கெட்டவனும் எந்திரமும் சிறுவர் நெஞ்சில் ஒருசேர இடம்பிடித்த காலம் அது.

பிரெஞ்சு ஆட்சி நடந்த இவ்வூருக்கும் இதில் ஒரு சுவையான பங்குண்டு. லக்கி லூக், 'கேப்டன் டைகர்' என்ற பெயரில் வந்த புளூபெர்ரி, 'இரத்தப் படலம்' ஆகிய யாவும் மூலத்தில் பிரெஞ்சு மொழிச் சித்திரக்கதைகள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு வழங்கிய ஊரின் தமிழ்ச் சிறுவனுக்கும் அவற்றைத் தமிழில் தந்தது சிவகாசிதான்.

இனித் திரைக்கு வருவோம். எந்திர வில்லனைத் தமிழ்ப் பார்வையாளர் ஏற்பார்களா என்ற கேள்விக்கு 2010இல் வெளிவந்த 'எந்திரன்' விடை சொல்லிவிட்டது. கமல்ஹாசனைக் கொண்டு 'ரோபோ' என்ற பெயரில் ஷங்கர் முதலில் திட்டமிட்டுக் கைவிட்ட படம் அது. பின்னர் ரஜினிகாந்தோடு நிறைவேறியது. வசனத்தில் பங்களித்த சுஜாதா, படம் வெளிவரும் முன்பே 2008இல் மறைந்தார். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற எந்திர நாயை நாம் நேசிக்கும்படி செய்தவர் அவர். 'எந்திர'னிலோ சிட்டி அன்பிலே தோற்று, உடைக்கப்பட்டு, சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட பிறகே கொடியவனாகிறது. நாயக நடிகரே வில்லனாகச் சிரித்தபோது அரங்கம் ஆர்ப்பரித்தது.

ஆகவே, மாயாவி படத்தைப் பற்றி நாம் அஞ்ச வேண்டியது வரைகலையின் தரத்தைக் குறித்தன்று. தொடக்கக் கதையின் குற்றவாளியைத் துடைத்தெறிந்துவிட்டு, பிறவியிலேயே உத்தமனான ஒருவனை நம்முன் நிறுத்திவிடுவார்களோ என்பதே அச்சம். அப்படிச் செய்தால் எஞ்சுவது வெறும் இரும்பு.

உரிமைச் சிக்கலும் உண்டு. பழைய பிரித்தானியச் சித்திரக்கதைகளின் பெருந்தொகுப்பை 2018இல் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கி, கிராண்டெலின் கதைகளை மீண்டும் நூலாக்கி வருகிறது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை செய்தால், அந்தப் பெயர் சிவகாசி தந்தது என்பதையேனும் படத்தின் தொடக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். சாணித்தாளில் அச்சான அந்தச் சிற்றிதழ்களால் வாசிப்புக்குள் நுழைந்த தலைமுறை இன்று கல்லூரிகளில் பாடம் நடத்துகிறது, படமும் எடுக்கிறது. அத்தலைமுறை பட்ட கடன் அது.