சொந்த வீடு யாருக்குச் சொந்தம்? ஆர்.எஸ்.புரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சொந்த வீடு பற்றிய பேச்சில் ஒரு வாக்கியம் மாறாமல் வரும். 'எங்கப்பா ஒத்தை ஆளா நின்னு கட்டுனதுங்க.' கோவை ஆர்.எஸ்.புரத்தின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையே வெவ்வேறு விதமாகச் சொல்வார்கள். கட்டியவரின் உழைப்பையோ சிக்கனத்தையோ சந்தேகிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஆனால் அந்த 'ஒத்தை ஆள்' என்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வீடு எழும்ப மனை வேண்டும், தண்ணீர் வேண்டும், பிளான் வேண்டும், பணம் வேண்டும், பணத்துக்கு ஈடு வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அவற்றில் எதுவும் ஒத்தை ஆளின் வரலாறு அல்ல.

1

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு வந்தது. பிறகு பலமுறை திரும்பி வந்தது. நகரில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் தடயங்கள். ராஜ வீதி, பெரிய கடைவீதி, கோட்டைமேடு என்று நெருங்கிக் கிடந்த பழைய ஊரை விட்டு ஜனங்கள் வெளியே போய்க் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறைச்சாலை பற்றிய நூலில், பிளேக் பரவிய நகரத்தை ஒரு அதிகார மாதிரியாகக் காண்கிறார். ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி, எண்ணி, பதிந்து, கண்காணிக்கும் அதிகாரம் அது. காலனிய இந்தியாவில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் இதற்கு வழி செய்தது. கோவையில் இந்தப் பயம் இன்னொரு விளைவையும் தந்தது. வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு நிரந்தரமாகவே வெளியேற ஒரு நியாயம் கிடைத்தது. நகரத்துக்கு மேற்கே இருந்த நிலம் மனைகளாக அளக்கப்பட்டது. அந்த விரிவாக்கத்துக்கு நகரசபைத் தலைவர் திவான் பகதூர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் வந்தது. அவருடைய பட்டம் டி.பி. ரோட்டில் தங்கிவிட்டது.

வேறு வழி இருக்கவில்லையா? 1914-15இல் மதராஸ் மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸ் வேறொரு வழியைச் சொல்லியிருந்தார். பழைய தெருக்களைப் பெரிதாக இடிக்காமல், சிதைந்த சில கட்டடங்களை மட்டும் எடுத்து, சிறு சிறு வெளிகளை உருவாக்கி, கிணறுகளையும் குளங்களையும் காப்பாற்றி, இருக்கிறவர்களை இருக்கிற இடத்திலேயே நன்றாக வாழவைப்பது அந்த வழி. இதற்குச் செலவு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். ஆர்.எஸ்.புரம் அந்த வழியில் பிறந்தது அல்ல. பழைய ஊர் அப்படியே கிடக்க, போக முடிந்தவர்கள் போவதற்கான வழியில் பிறந்தது.

போனவர்களுக்குப் பின்னால் தண்ணீரும் போயிற்று. கிணற்று உப்புத்தண்ணியையே குடித்துவந்த ஊருக்கு, 1930களின் தொடக்கத்தில் சிறுவாணி நல்ல தண்ணி வந்து சேர்ந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பைக்காரா மின்சாரம் வந்தது. மின்சாரத்தால் மில்கள் பெருகின. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில் என்று மெதுவாக நடந்துகொண்டிருந்த ஒன்று, முப்பதுகளில் ஓட்டமெடுத்தது. பொதுப் பணத்தில் வந்த குழாயும் கம்பியும் ரோடும் சேர்ந்துதான் ஒரு சென்ட் நிலத்தை 'நல்ல ஏரியா' ஆக்குகின்றன. 'அன்னைக்கு ஒண்ணுமில்லாத காட்டுல வாங்கிப்போட்டது' என்று சொல்லும்போது, காட்டைப் புரமாக்கியவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

2

பிளான் என்ற காகிதத்தையும் கவனிக்க வேண்டும். கொங்கு நாட்டுப் பண்ணையத்து வீட்டில் ஆசாரமும் தொட்டிக்கட்டும் இருந்தன. ஊருக்குள் இருக்கும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. பங்காளிகள் ஒரே வளவில் இருந்தார்கள். அந்த வீடு யாரும் வரைந்து கட்டியது அல்ல. தலைமுறைக்கு ஒரு அறை கூடும், ஒரு பாகப்பிரிவினையில் ஒரு சுவர் எழும்பும். 1920இல் மதராஸில் நகரத் திட்டச் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வந்தன. அதற்குப் பிறகு நகரத்தில் வீடு கட்டுவது என்பது முதலில் வரைவது, அப்புறம் நகரசபையில் அனுமதி வாங்குவது, அதற்கு அப்புறம்தான் கட்டுவது என்றாயிற்று. நாலு பக்கமும் இடம் விடு, காற்றுக்கு ஜன்னல் வை, கக்கூஸ் எங்கே என்று காட்டு.

இது சுகாதாரத்தின் மொழி. அதே சமயம் இது ஒரு குடும்பத்தின் வரையறையும் ஆகும். நாலு பக்கமும் இடம் விட்டு காம்பவுண்டு சுவர் எழுப்பிய வீட்டில் பங்காளிக்கு இடம் இல்லை. ஒரு தம்பதி, அவர்களுடைய பிள்ளைகள், வந்து போகும் விருந்தாளி என்பதே பிளானின் அனுமானம். திண்ணையின் வேலையைக் கேட் எடுத்துக்கொண்டது. யார் எதுவரை வரலாம் என்று முன்பு ஊர் வழக்கம் சொன்னது, இப்போது கேட் சொன்னது. அக்காலத்து விரிவாக்கங்களில் எடுப்புக் கக்கூசுக்காக வீட்டின் பின்புறம் ஒரு தனிச்சந்து விடுவதும் வழக்கமாக இருந்தது. பிளானில் சாதி என்ற சொல் எங்குமே இருக்காது. ஆனால் அந்தச் சந்தில் யார் நடந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

3

இனி பணம். கூட்டுக் குடும்பச் சொத்தில் ஒருவன் தனக்கென்று வீடு கட்டினால் அது யாருடையது? படிக்கவைத்தது குடும்பம், ஆகவே படிப்பால் வந்த சம்பாத்தியமும் குடும்பத்துக்கே என்று பங்காளிகள் கோர்ட்டில் வாதாட இடம் இருந்தது. 1930ஆம் ஆண்டின் இந்துக் கல்வி ஈட்டச் சட்டம் இதை முடித்துவைத்தது. படித்துச் சம்பாதித்தது அவனவன் சொந்தம் என்றாயிற்று. வக்கீல், டாக்டர், என்ஜினியர் ஆகியோரின் 'சொந்த வீடு' சட்டப்படி சாத்தியமாவது இதற்குப் பிறகுதான். 'ஒத்தை ஆள்' என்பவரே ஒரு சட்டத்தின் விளைவு எனலாம்.

அடுத்தது ஈடு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் ஒரு வகை அடமானம் உண்டு. பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும், அதுவே ஈடாகிவிடும். ஆனால் அரசு அறிவித்த நகரங்களில் கொடுத்தால்தான் செல்லும். கடன் நகரத்தின் பாஷை பேசுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்ரூவ்டு பிளான் என்ற நான்கும் ஒழுங்காக இருக்கிறவனுக்குக் கடன் மலிவு. இல்லாதவனுக்கு அதே பணம் 'ரெண்டு வட்டி'க்குக் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,000 ரூபாய். இருபது வருஷத்தில் வட்டி மட்டும் 4,80,000 ரூபாய் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். அதே லட்சத்தை 12 சத வட்டிக்கு இருபது வருஷத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 1,101 ரூபாய். மொத்தம் சுமார் 2,64,000 கட்டி முடித்தால் பத்திரம் கைக்கு வந்துவிடும். ஆக, ஏழைக்குத்தான் வீடு விலை அதிகம். மலிவான கடனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் மாதம் கட்டும் 1,101இல் 1,000 வட்டிக்குப் போகும், 101தான் அசலில் கழியும். அசலில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும். இடையில் வேலை போனவன் பாதி வீட்டைக்கூடச் சம்பாதித்திருக்க மாட்டான்.

இந்த மலிவுக் கடன் யாருக்கு, எப்போது வந்தது? 1904, 1912 ஆண்டுகளின் கூட்டுறவுச் சட்டங்கள் வழியாக வீட்டுச் சங்கங்கள் வந்தன. கரூரில் 1916இல் வைஸ்யா வங்கியும் 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தோன்றின. ஆனால் அவை வியாபாரத்துக்குத் தேவையான குறுகிய காலப் பணத்துக்காகத் தோன்றியவை. (இரண்டாவது, 2020இல் ஒரு சிங்கப்பூர் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைந்து பெயரிழந்தது.) 1959இல் மாநில அளவில் கூட்டுறவு வீட்டு அடமான வங்கி, 1961இல் வீட்டு வசதி வாரியம், 1977இல் எச்.டி.எஃப்.சி., 1988இல் தேசிய வீட்டு வசதி வங்கி. இந்த வரிசையில் ஆண்டு ஏற ஏற, ஈடாக மனையைவிடச் சம்பளச் சீட்டு முக்கியமாகிறது. இனி வரப்போகும் உழைப்பையே ஈடாக வைக்கும் முறை இது. வேலை நிரந்தரம் என்று காட்ட முடியாத மில் பதிலித் தொழிலாளிக்கு இதில் இடமில்லை. நிரந்தரமானவருக்குத் தம் சொந்த வைப்பு நிதியிலிருந்து (1952ஆம் ஆண்டுச் சட்டம்) வீட்டுக்கென்று எடுத்துக்கொள்ள முடிந்தது. வயசான காலத்துக்கு வைத்திருந்த பணம் சுவராக மாறியது. வங்கிக்கும் மில்லுக்கும் வெளியே இருந்தவர்கள் ஏலச்சீட்டிலும் ஃபைனான்ஸ் கம்பெனிகளிலும் போட்டார்கள். அவற்றில் பல விழுந்து, 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த ரசீதுகளுக்குப் பின்னால் எத்தனை கட்டப்படாத வீடுகள் இருந்தன என்று யாரும் எண்ணவில்லை.

4

கொங்குக் குடும்பங்களில் அஸ்திவாரத்துக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆண்கள் வங்கியைச் சொல்வார்கள். பெண்கள் வேறு சொல்வார்கள். 'என்ற வளையலை வெச்சுத்தானுங்க பேஸ்மட்டம் போட்டம்.' சீராக வந்த நகை சட்டப்படி அவளுடையது. அது அடகுக்கடைக்குப் போய், செங்கல்லாகி, சுவராகி, கடைசியில் பத்திரத்தில் அவன் பெயராக வெளியே வருகிறது. நகை மீண்டால் மீண்டது. பிறந்த வீட்டுச் சொத்திலும் 1989இல் தமிழக அரசு திருத்தம் கொண்டுவரும்வரை அவள் கூட்டுரிமையாளர் இல்லை. அந்தத் திருத்தமும் அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம்தான் அவர்களையும் சேர்த்தது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழகத்தில் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. இதனால் பத்திரத்தில் பெயர் மாறலாம். சாவி யார் இடுப்பில் இருக்கும், விற்க யார் கையெழுத்துப் போடச் சொல்வார் என்பவை தனிக் கேள்விகள்.

பொருள்களுக்கும் இப்படி ஒரு மறைவான கணக்கு உண்டு. மதுக்கரையில் 1934இல் சிமெண்ட் ஆலை வந்ததும் சுண்ணாம்புக் காரையின் காலம் முடியத் தொடங்கியது. பிறகு சிமெண்டுக்கே பர்மிட் வாங்கி வரிசையில் நிற்கும் காலம் வந்தது. 1982இல் பாதியும் 1989இல் முழுதும் கட்டுப்பாடு நீங்கியது. செங்கல் தடாகத்திலிருந்து வந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் செம்மண் ஆழ ஆழத் தோண்டப்பட்டு, யானைகள் நடந்த வழிகளில் குழிகள் விழுந்து, 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகளை நிர்வாகம் மூடியது. எஸ்டிமேட்டில் ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு என்று இருக்கும். மலையடிவாரத்துக்கு இவ்வளவு என்று எந்த மேஸ்திரியும் எழுதுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

5

எங்கெல்ஸ் 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எழுதினார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொந்த வீடு என்ற திட்டத்தை அவர் ஏற்கவில்லை. வீடு அவனை ஒரே முதலாளியிடம் கட்டிப்போடும், கூலியையும் குறைக்கும் என்பது அவர் வாதம். வீட்டுப் பிரச்சினையை அந்த வர்க்கம் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்றும் சொன்னார். முதல் வாதத்தை இன்று அப்படியே ஏற்பது கடினம். லைன் வீட்டில் ஒரே அறையில் வாழ்ந்து, மில் மூடியதும் காலி செய்யச் சொல்லப்பட்டவரிடம் 'சொந்த வீடு ஒரு மாயை' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நாலு சுவரும் ஒரு பட்டாவும் இருந்தவர்கள்தான் அந்த வருஷங்களைத் தாண்டினார்கள்.

இரண்டாவது வாதம் ஆர்.எஸ்.புரத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. பக்கத்திலிருக்கும் முத்தண்ணன் குளத்தின் கரையில் பல ஆண்டுகளாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. நகரத்தின் வீடுகளைப் பெருக்கியவர்களும் கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2016இல் கோவை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்த பிறகு, குளக்கரைகள் நடைபாதைகளாக அழகு பெற்றன. டி.பி. ரோடு மாதிரிச் சாலையானது. குளக்கரைகளில் இருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தொலைவிடங்களின் அடுக்குக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்கப்பட்டது உண்மை. வேலைக்கு வர இரண்டு பஸ் பிடிக்க வேண்டியதும் உண்மை. பிளேக் காலத்தில் வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு வெளியே போனார்கள். நூறு வருஷம் கழித்து வசதியில்லாதவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். முதலாவதை விரிவாக்கம் என்றோம், இரண்டாவதை மறுகுடியமர்த்தல் என்கிறோம்.

இன்று ஆர்.எஸ்.புரத்தின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக ஆஸ்பத்திரிகளாகவும் ஜவுளிக்கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. வாரிசுகள் நாலு பேர், வீடு ஒன்று, மனையின் விலை கோடிகளில். பாகம் பிரிக்கும் நாளில் யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கு எடுக்கப்படும். அம்மாவின் வளையல்கூடச் சில வீடுகளில் ஞாபகத்துக்கு வரும். சிறுவாணியும், தடாகத்து மண்ணும், பின்சந்தில் நடந்தவர்களும், சாந்துச் சட்டி சுமந்தவர்களும் எந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் வருவதில்லை. புதிதாக வீடு கட்டத் திட்டமிடுகிறவர் யாராயினும், எஸ்டிமேட்டின் கடைசித் தாளில் இவர்களுக்கும் ஒரு வரி எழுதிப் பார்க்கலாம். அங்கே என்ன தொகை போடுவது என்பதைத்தான் நாம் இனிப் பேச வேண்டும்.