தொலைக்காட்சியிற் பிறிது மொழிதல்

மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைச் சொல்லும் வள்ளுவர், வண்டியைப் பற்றிப் பேசவில்லை என்பதை ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு விளக்குவர். உவமையை மட்டும் கூறி, பொருளைப் படிப்போரே உய்த்துணர விடும் இம்முறையைப் பிறிது மொழிதல் என்பர். விஞ்ஞானக் கற்பனை நாடகங்கள் தத்துவம் பேசுவதும் பெரும்பாலும் இவ்வழியிலேயாம். அவற்றுள் ஒன்று இவ்வழியை நாட நேர்ந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொலையுண்டான். குற்றஞ் சாட்டப்பெற்ற வெள்ளையர் இருவரை, வெள்ளையரே நிரம்பிய நடுவர் குழு விடுதலை செய்தது. கொலைஞரை ஓர் ஊரே காத்து நிற்பது ஏன் என்று ஆராய விழைந்தார் ராட் சர்லிங் என்னும் நாடகாசிரியர். ஆனால், தென்மாநிலத்தார் சினங்கொள்வர் என விளம்பரதாரர் அஞ்சினர். எனவே, 1956இல் ஒளிபரப்பான அவர்தம் நாடகத்தில், கதை நிகழும் இடம் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தாயிற்று. கொலையுண்டவன் இன்னானென்று அறியப்படாத அயல்நாட்டான் ஆனான். 1958இல் அவர் மீண்டும் முயன்றார். அப்பொழுது கதை பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குத் தள்ளப்பட்டது.

1959 அக்டோபர் 2ஆம் நாள், 'டுவைலைட் சோன்' என்னும் தொடரை அவர் தொடங்கினார். இது பொழுதுபோக்கிற்கே உரியது என்று முன்னரே பேட்டியிலும் கூறிவிட்டார்! 1964 வரை வந்த 156 நாடகங்களுள் 92 அவர் எழுதியவை.

1960 மார்ச்சு 4இல் வந்த நாடகம் ஒன்றைப் பார்ப்போம். மேப்பிள் தெருவில் திடீரென மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோகின்றன. வேற்றுலகத்தார் மனித உருவில் நம்மிடையே வந்திருப்பர் என்கிறான், கதை படித்த சிறுவன் ஒருவன். ஒருவர் வண்டி தானே இயங்கியதும், அவர்மேல் ஐயம் பாய்கிறது. இருளில் நடந்துவந்த ஓர் உருவத்தைச் சுடுகின்றனர். வீழ்ந்தவரோ அடுத்த தெருவைப் பார்த்துவரச் சென்ற அண்டை வீட்டுக்காரர்! குன்றின்மேல் நின்று இதனைக் காணும் வேற்றுலகத்தார் இருவர், மின்சாரத்தையும் இயந்திரங்களையும் நிறுத்தியும் இயக்கியும் வைத்ததன்றி வேறொன்றும் செய்யவில்லை.

'நான் மனிதன்தான்' என்று ஒருவன் பிறர்க்கு எங்ஙனம் மெய்ப்பிப்பது? இது அறிவாராய்ச்சி எழுப்பும் பழைய வினா. ஐயுறுவோன் சான்று காட்டவேண்டியதில்லை, ஐயுறப்பட்டவனே காட்டவேண்டும் என்று ஒரு தெரு முடிவு செய்துவிட்டால் அறம் எங்கே நிற்கும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், பொதுவுடைமையர் என்ற ஐயத்தாலேயே பலர் வேலையிழந்த நாடு அது. விளம்பரதாரர் தடுத்த கேள்வி, வேற்றுலகத்தார் வேடத்தில் வீடுதோறும் நுழைந்துவிட்டது.

எனினும், இவ்வேடத்திற்கு ஒரு விலையுண்டு. பிறிது மொழிதலிற் பொருளை உணர்தல் கேட்போன் பொறுப்பு. மேப்பிள் தெரு மக்களைக் கண்டு வருந்தியவன், மிசிசிப்பியை நினையாமலே உறங்கச் சென்றிருத்தலும் கூடும். வண்டியின் அச்சு முறிந்தது என்பதை அறிவது எளிது. அது நம் வண்டி என்று உணர்வதே அரிது.