முசலிக்கு வந்த பணம்

அரிப்புக் கடற்கரையில், கடல் அரித்தது போக எஞ்சி நிற்கும் செங்கற் சுவர்களை மன்னார்ப் பக்கம் போய் வந்தவர்கள் பலர் கண்டிருப்பார்கள். இலங்கையின் முதற் பிரித்தானிய ஆளுநரான பிரெடெரிக் நோர்த், 1801 ஆம் ஆண்டுக்கும் 1804 ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் மிச்சம் அது. முத்துக்குளிப்புக் காலத்தில் ஆளுநர் வந்து தங்கி மேற்பார்வை செய்வதற்காகக் கட்டப்பட்டது. குளித்தெடுத்த சிப்பிகளை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டை அரசு எடுத்துக்கொள்ள, ஒன்று குளித்தவர்களுக்குப் போனது. 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் அரசுக்குக் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டில் மறிச்சுக்கட்டி முகாமில் கடமையாற்றிய இளம் அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப்.

அந்த வருமானத்தில் முசலியின் கிணறுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் எவ்வளவு திரும்பி வந்தது என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை. பணம் முசலியிலிருந்து கொழும்புக்குப் போனது, அவ்வளவுதான். கொழும்பிலிருந்தும் வெளியுலகிலிருந்தும் முசலியை நோக்கிப் பணம் வரத் தொடங்கிய பிற்காலத்தைப் பற்றியதே இக்கட்டுரை. ஏழைகளின் பெயரால் வரும் பணம் எந்த ஏழையிடம் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

இக்கேள்வி முசலிக்கு மட்டும் உரியதன்று. 1974 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. பல கூறுகளாகச் சிதறிக் கிடந்த மத்திய அரசின் நகர உதவித் திட்டங்களை ஒன்றாக்கி, சமூக அபிவிருத்திக்கென மொத்தமாக ஒரு மானியத்தை நகரங்களுக்குக் கொடுக்க அச்சட்டம் வழிசெய்தது. எதற்குச் செலவழிப்பது என்பதை நகரமே தீர்மானிக்கும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இன்றுள்ள விதியின்படி, அப்பணத்தில் குறைந்தது 70 வீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்படவேண்டும். திட்டத்தை முடிவு செய்யுமுன் பொதுமக்களை அழைத்துக் கருத்துக் கேட்கவும் வேண்டும். அங்கும் முறைப்பாடுகள் உண்டு. எனினும் முறையிடுகிறவன் சுட்டிக்காட்டுவதற்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது.

அதே 1974 இல் இலங்கையிலும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் அறிமுகமாயிற்று. சிறு வீதி, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம் போன்றவற்றுக்கு மாவட்டத்திலேயே பணம் ஒதுக்கும் ஏற்பாடு அது. பயன் இருந்தது. ஆனால் எந்த ஊருக்கு என்பதை அரசியல்வாதி முன்மொழிய, கச்சேரி நிறைவேற்றியது. ஏழைக்கு இத்தனை வீதம் என்ற வரி அதில் இல்லை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின்மூலம் மாகாண சபைகளும் நிதி ஆணைக்குழுவும் வந்தன. குடித்தொகை, தலா வருமானம், பிரதேச ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு நிதியைப் பங்கிட விதந்துரைப்பது அவ்வாணைக்குழுவின் கடமை. அது மாகாணத்தை மாகாணத்தோடு ஒப்பிடும் அளவுகோல். ஒரே கிராமத்தில் உள்ளவனையும் இல்லாதவனையும் பிரித்துக் காட்ட அந்த அளவுகோலால் இயலாது.

இனி முசலிக்கு வருவோம். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், அருவி ஆற்றுக்கும் வில்பத்துக் காட்டுக்கும் இடையில் கிடப்பது முசலிப் பிரதேசம். சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, முள்ளிக்குளம் எனக் கடலையும் குளத்தையும் காட்டையும் நம்பிய ஊர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையினர், கத்தோலிக்கத் தமிழரும் இந்துக்களும் உடன் வாழ்ந்தனர். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீட்டையும் காணியையும் மாட்டையும் விட்டுவிட்டு, கையில் கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட சொற்பத்துடன் வெளியேறினர். முசலி மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருபது ஆண்டுகளைக் கழித்தார்கள். பின்னர் 2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதியைப் படையினர் கைப்பற்றியபோது, முள்ளிக்குளத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது.

பணம் வரத்தான் செய்தது. 2007 இல் உலக வங்கி, புத்தளத்திலிருந்த இடம்பெயர்ந்தோருக்கென 320 இலட்சம் டொலர் மதிப்பிலான வீடமைப்புத் திட்டத்துக்கு இசைந்தது. போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேறு திட்டங்கள் வந்தன. அவற்றுட் பெரியது, வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் மொத்தம் 50,000 வீடுகளுக்கென 2010 இல் இந்திய அரசு அறிவித்த திட்டம். வடக்கு, கிழக்கில் புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா. ஒப்பந்தகாரரிடம் கொடுக்காமல், பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாகப் பணம் விழுந்தது. அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது என்ற முறை.

இத்திட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் வீட்டின் மேசனைத் தானே பிடித்து, மணலையும் சீமெந்தையும் தானே விலைபேசி வாங்கிய ஒரு குடும்பத் தலைவி, முன்னர் அரசிடமிருந்து பெற்ற எந்த நிவாரணத்திலும் அத்தகைய அதிகாரத்தை அனுபவித்ததில்லை. கிடுகுக்குப் பதில் ஓடு வந்தது; மழை இரவில் பிள்ளைகள் நனையாமல் உறங்கினார்கள். விலைவாசி ஏறி, செலவு மானியத்தைத் தாண்டியபோது பல வீடுகளில் நகைகள் அடைவு கடைக்குப் போனதும் உண்மையே.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வீட்டுத்திட்டத்துக்குள் நுழைய ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் காணிப் பத்திரம். காணி எனதென்று காட்ட முடியாதவருக்கு மானியம் இல்லை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் விதிதான். ஆனால் முசலியில் அதன் விளைவைப் பாருங்கள்.

அரச காணிகளிற் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. காணி துண்டாடப்படக் கூடாது என்பது அச்சட்டத்தின் அடிப்படை. பின்னுரித்தாளர் பெயரிடப்படாமல் உரிமையாளர் இறந்தால், அட்டவணைப்படி ஆண் பிள்ளைகளுக்கு முதலிடம், அவர்களுள்ளும் மூத்தவருக்கு. பெண்களைப் பின்தள்ளிய அந்த ஒழுங்கு 2022 இல்தான் திருத்தப்பட்டது. 1990 இல் ஒரு பத்திரத்தோடு வெளியேறிய ஒரு குடும்பம், இருபது ஆண்டுகளின் பின் மூன்றாக, நான்காகப் பெருகியிருந்தது. ஊரில் அவர்களுக்கு இருந்ததோ ஒரு காணி, ஒரு பெயர். மூத்தவர் வாசலுக்குள் போனார். தம்பியும் விதவைத் தங்கையும் வெளியே நின்றார்கள். குத்தகைக்கு வயல் செய்தவரும், உறவினரின் வளவில் குடிசை போட்டிருந்த கடற்றொழிலாளியும் அந்த வரிசையில் சேரவேயில்லை. ஊரிலேயே மிக வறியவர்கள் இவர்கள்தான்.

பத்திரம் இருந்தவருக்கும் இன்னொரு தடை எழுந்தது. இருபது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த நிலத்தில் காடு வளர்ந்தது. 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியில் ஒதுக்கக் காடுகள் பிரகடனமாயின. 2017 மார்ச்சில் மாவில்லுப் பாதுகாப்பு வனம் என்ற பெயரில் 40,000 ஹெக்டயருக்கும் மேற்பட்ட பரப்பு வர்த்தமானியில் ஏறியது. 2020 நவம்பரில், கல்லாறு ஒதுக்கக் காட்டில் மீள்குடியேற்றத்துக்காக மரங்களை அழித்தது சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றம், மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கவேண்டும் எனப் பணித்தது. காடு காக்கப்பட வேண்டியதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் துரத்தப்பட்டதால் வளவு காடாகிப்போனவனையும், காட்டை வெட்டிக் காணி பிடிக்க வந்தவனையும் ஒரே பெயரால் அழைத்த விவாதமே அந்நாட்களில் நாடெங்கும் ஓங்கி ஒலித்தது.

முள்ளிக்குளத்தின் கதை இன்னும் நேரடியானது. அவர்களின் ஊர் கடற்படை முகாமாயிற்று. திரும்பி வந்தவர்கள் சொந்த ஊருக்கு வெளியே கொட்டிலமைத்துத் தங்கினார்கள். 2017 இல் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து போராடிய பின், ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது. சொந்த நிலத்தில் கால்வைக்க முடியாதவருக்கு ஐந்தரை இலட்சம் என்ன, ஐம்பது இலட்சம் ஒதுக்கினாலும் அத்திவாரம் எங்கே வெட்டுவது?

இன்று நிவாரணத்தின் பெயர் மாறியிருக்கிறது. 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. அஸ்வெசுமவுக்குக் குடும்பங்களைத் தெரியும்போது பார்க்கப்படும் அளவுகோல்களில் வீட்டின் நிலையும் ஒன்று. மானியத்தில் கட்டிய கல்வீட்டில், கடனோடும் வருமானமின்றியும் வாழும் குடும்பத்தை அந்த அளவுகோல் எப்படி நிறுக்கும்? ஒரு கையால் அரசு கொடுத்த சுவர், மறு கையால் நிவாரணத்தை மறுப்பதற்குச் சாட்சியாகிவிடக் கூடாது.

பத்திரிகையாளன் என்ற வகையில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் ‘இத்தனை வீடுகள் கையளிப்பு’, ‘இத்தனை கோடி ஒதுக்கீடு’ என்ற செய்திகளை நானும் எழுதினேன்; மற்றவர் எழுதியவற்றுக்குத் தலைப்பும் கொடுத்தேன். நாடா வெட்டும் படம் வந்தால் முதற்பக்கத்தில் இடம் கிடைக்கும். விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்களின் பட்டியலை நான் ஒருநாளும் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால், மறுக்கப்பட்டதன் காரணங்களை எண்ணிப் பார்த்திருக்கலாம். ஊரின் உண்மையான வறுமைப் படம் அந்தப் பட்டியலில்தான் இருந்திருக்கும்.

உதவிப் பணத்தின் பயனை, கட்டி முடித்த வீடுகளின் தொகையால் மட்டும் அளப்பது போதாது. முசலி எனக்குக் கற்பித்தது இதுவே: காணிப் பிரச்சினையைத் தீர்க்காமல் மானியத்தை அனுப்பினால், அது உள்ளவரில் இல்லாதவரைத்தான் எட்டும், முற்றாக இல்லாதவரை எட்டாது. முதலில் பத்திரம், பிறகு பணம் என்ற ஒழுங்கும், மறுக்கப்பட்டவரின் பெயரும் காரணமும் கிராம அலுவலர் காரியாலயச் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும் என்ற விதியும் இருந்திருந்தால், அந்தத் தம்பியும் விதவைத் தங்கையும் தமக்காக வாதாடுவதற்கு ஒரு வரியேனும் கிடைத்திருக்கும். இனி வரும் திட்டத்திலாவது, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்குமுன் யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்போம்.